நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால்

பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாச்சு. ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலி. ஆனாலும் பெடலில் கால் வைத்தால் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி உள்ளே போகிறது. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினால்தான் மேலே ஏறுகிறது. வீட்டு வாசலில் வைத்து பிரேக் வேலை பார்க்கிறவர்கள் பலர் வந்து மாட்டுகிற இடம் இது. உடனே கடைக்குப் போய் இன்னொரு டின் வாங்கி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றும். அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியே வராமல் நிற்கிறதா, எங்கேயோ புதுசாகக் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறதா, இல்லை காற்றே இல்லாமல் வேறு கோளாறா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை டின் ஊற்றினாலும் ஆயில்தான் வீண்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் 'ஏர்' என்றால் லாரியின் ஏர் பிரேக்தான் நினைவுக்கு வரும். அங்கே காற்றுதான் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. காரில் அந்த வேலையை ஆயில் செய்கிறது, காற்று புகுந்தால் கெடுக்கிறது. இங்கே பேசுவது முழுக்க கார் சமாச்சாரம்.

கொஞ்சூண்டு காற்று இவ்வளவு பண்ணுமா என்றால், கணக்குப் போட்டே பார்க்கலாம். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் முகத்தின் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிபர் ஒன்றுக்குள் 1 மில்லி காற்று நிற்கிறது. பிரேக் லைனில் அழுத்தம் 50 பார் ஏறும்போது அந்தக் காற்று ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விட்டுப்போன இடத்தை ஆயில் நிரப்ப வேண்டும். அதற்காக மட்டும் பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல் கூடுதலாக நகர வேண்டும். பெடல் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் உங்கள் காலுக்கு அது 12, 13 மி.மீ. ஒரு மில்லிக்கே இப்படி. கேலிபரின் மேல் மூலையில் மூணு மில்லி ஒளிந்திருந்தால் பெடல் ஒண்ணரை அங்குலம் வீணாகப் போகும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலை நன்றாகப் படித்துக்கொள்ளுங்க. இன்ஜின் ஆஃப். நாலைந்து தடவை மிதித்து, காலின் அழுத்தத்துக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைக் காலி பண்ணுங்க. ஒரு அளவுகோலை ஸ்டீயரிங் வளையத்தின் அடியிலிருந்து பெடல் வரை வைத்து, மிதிக்காமல் ஒரு அளவும், நன்றாக மிதித்து ஒரு அளவும் எடுத்து எழுதி வைங்க. வேலை முடிந்த பிறகு முன்னேற்றம் உண்டா என்று சொல்லப்போவது அந்த ரெண்டு எண்கள்தான். காலின் ஞாபகத்தை நம்ப முடியாது.

இப்போது மூணு விதமாக மிதித்துப் பாருங்க. மெதுவாக மிதித்து அப்படியே அரை நிமிடம் பிடிங்க. பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கினால் அது காற்றின் வேலையாக இருக்காது. ஒன்று எங்கேயோ ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து ஆயில் பின்னாலேயே திரும்புகிறது. ரிசர்வாயரில், அதாவது பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவில், மட்டம் குறையவே இல்லை, நாலு சக்கரமும் காய்ந்திருக்கிறது, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டரின் உள் சீல் என்றே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, வேகமாக ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணுங்க. பெடல் உயர்ந்து, ஆனால் ஸ்பிரிங் மாதிரி அமுங்கினால் காற்று. உயர்ந்து, கல் மாதிரி கெட்டியாக நின்றால் பின் சக்கரத்தில் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிறதா என்று சந்தேகப்படுங்க. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதிங்க. ஹேண்ட் பிரேக் லைனரை டிரம்மோடு ஒட்ட வைத்துவிடும். அப்போது பெடல் நல்ல உயரத்தில் நின்றால் உங்கள் பிரச்சினை, லைனர் ஒட்டிய ஷூவின் அட்ஜஸ்ட்மெண்ட். பின் டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நிற்கிறதா என்று பாருங்க. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் லிட்டர் கணக்கில் ஆயில் வீணாகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூணாவது சோதனைக்கு ரிசர்வாயர் மூடியைத் திறக்க வேண்டும். திறக்கும் முன் மூடியையும் அதைச் சுற்றியும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்க. பல்லடம், சோமனூர் பக்கம் தறிப் பஞ்சு, பொள்ளாச்சி பக்கம் தேங்காய் நார்த் தூசி, இன்ஜின் மேல் எப்போதும் ஒரு படலம் படிந்திருக்கும். ஆடிக் காத்து அடிக்கிற நாட்களில் திறந்த வாசலில் இந்த வேலையே வேண்டாம். மாஸ்டருக்குள் எண்ணெய் போகும் துளைகளில் ஒன்று ஊசி முனை அளவுதான் இருக்கும். அதில் ஒரு நார் மாட்டினால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். மூடியைத் திறந்ததும், கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வாய்மேல் சாய்த்து வைங்க. உதவிக்கு இருப்பவர் பெடலைப் பதினைந்து இருபது தடவை வேகமாக மிதித்து, கடைசியில் அழுத்திப் பிடித்து, நீங்கள் சொன்னதும் சட்டென்று காலை எடுக்கட்டும். ஆயிலின் மேல் லேசாக அலை அடித்தால் சரி. ஊற்று மாதிரி மேலே பீறிட்டால் லைனில் காற்று இருக்கிறது. அமுங்கிக் கிடந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுகிறது. முகத்தை விலக்கி வைங்க. பெயிண்ட் மேல் தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க, இந்த ஆயில் பெயிண்டை உரித்துவிடும்.

காற்று இருக்கிறது என்று உறுதியானால், அடுத்து நீங்கள் ஏர் எடுத்த முறையைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஏர் எடுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இருவரின் பேச்சில்தான். அடியில் மகன், சீட்டில் அப்பா என்று வைத்துக்கொள்ளுங்க.

"அப்பா, மிதிங்க."

"மிதிச்சாச்சு கண்ணு."

மகன் நிப்பிளை, அதாவது சக்கரத்தில் காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சின்னத் திருகை, கால் சுற்றோ அரைச் சுற்றோ திறக்கிறான். பெடல் கீழே போகிறது.

"கீழ போயிருச்சு."

"புடிச்சுக்கங்கப்பா. காலை எடுத்துராதீங்க." நிப்பிளைப் பூட்டுகிறான். "பூட்டியாச்சு. இப்ப உடுங்க."

'கீழ போயிருச்சு' என்று சொன்ன கையோடு அப்பா காலை எடுத்துவிட்டால் அத்தனையும் போச்சு. நிப்பிள் திறந்திருக்க, பெடல் மேலே வர, வெளியே தள்ளிய காற்றையும் ஆயிலையும் அதே வழியில் இழுத்துக்கொள்ளும். அதனால் 'பூட்டியாச்சு' என்ற சொல் காதில் விழாமல் காலை அசைக்கக் கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்க. மிதிப்பது மெதுவாக இருக்கட்டும், கீழே போக ரெண்டு மூணு விநாடி, மேலே வந்த பின் மூணு விநாடி ஓய்வு. அவசர அவசரமாகப் பம்ப் பண்ணினால் ஒரு பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். மோரைக் கடைந்த மாதிரி வெளுத்த ஆயில் டியூபில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்போது வேலையை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது வண்டியைச் சும்மா விட வேண்டும். சின்னக் குமிழிகள் ஒன்று சேர்ந்து மேலே ஏற நேரம் வேண்டும்.

இன்னொன்று, பெடலுக்கு அடியில் ரெண்டு அங்குல மரக்கட்டை ஒன்றைப் போட்டு வைங்க. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் பல வருடத்துத் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தக் கசடின் மேல் உரசி உதடு கிழிந்துவிடும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் போனது என்பது பழைய வண்டிகளில் இப்படித்தான் நடக்கிறது.

நிப்பிளில் மாட்ட உள்விட்டம் 5 மி.மீ. தெளிவான டியூப் வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கிற டியூப் பல நிப்பிளுக்குப் பொருந்தும், லூசாக இருந்தால் ஒரு கேபிள் டையால் இறுக்குங்க. ஒரு தண்ணீர் பாட்டிலில் ரெண்டு அங்குலம் புது பிரேக் ஆயில் ஊற்றி டியூபின் நுனியை அதற்குள் முக்கி வைக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து நேராகத் தொங்கக் கூடாது. முதலில் அரை அடி மேலே ஏறி, வளைந்து, பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். நிப்பிளில் இருந்து வெளியே வந்த குமிழி தானாக மேலே ஏறி நிப்பிளை விட்டு விலகிவிடும். தொங்கவிட்டால் அதே குமிழி நிப்பிள் வாயிலேயே காத்திருந்து அடுத்த தடவை உள்ளே போகப் பார்க்கும்.

நிப்பிளுக்கு 8 அல்லது 10 அளவு ரிங் ஸ்பேனர் வரும், சில வண்டிகளுக்கு 11. ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்க, பிறகு தலையில் சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டி, இறுக்கும் பக்கம் ஒரு இழை திருகி, அதற்கப்புறம் திறங்க. பூட்டும்போது பலம் காட்ட வேண்டாம். பல சின்னக் கார்களில் 7 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. ஸ்பேனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டால் இறுக்குகிற அளவு. ஒடித்துவிட்டால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரையோ கேலிபரையோ மாற்றும்படி ஆகும்.

வரிசை: நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருக்கும். அதற்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். இடது பின், வலது பின், இடது முன், வலது முன். முன் ஒன்றும் பின் ஒன்றும் குறுக்காக இணைந்த லைன் உள்ள வண்டிகளில் சில கம்பெனிகள் இடது பின், வலது முன், வலது பின், இடது முன் என்று சொல்கின்றன. வண்டியோடு வந்த மேனுவல் என்ன சொல்கிறதோ அதற்கு மேல் பேச்சில்லை. காற்று மட்டும் எடுக்க ஒரு சக்கரத்துக்கு 50 முதல் 100 மில்லி ஆயில் போதும். பழைய ஆயில் முழுக்க மாற்ற 500 மில்லி டின் ரெண்டு வாங்குங்க. ஆறேழு மிதிக்கு ஒரு தடவை ரிசர்வாயரை எட்டிப் பாருங்க. உள்ளே ரெண்டு அறை இருக்கும். ஒரு அறையில் ஆயில் நிறைய இருக்கும்போதே இன்னொன்று காலியாகிவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் மட்டம் சரியாக இருக்கிற மாதிரித் தெரியும். சில வண்டிகளில் ஹைட்ராலிக் கிளட்சும் இதே ரிசர்வாயரிலிருந்து ஆயில் எடுக்கும்.

இப்போது குமிழியைப் பற்றி. டியூபில் குமிழி தெரிந்தாலே லைனில் காற்று என்று முடிவு கட்டிவிடாதீங்க. வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி ஏர் எடுக்கிறவர்களை அதிகமாக ஏமாற்றுவது இதுதான். தோட்டத்தில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். சக்‌ஷன் பைப்பில் ஊசித்துளை இருந்தால் அங்கே தண்ணீர் சொட்டாது. மோட்டார் ஓடும்போது காற்றைத்தான் உள்ளே இழுக்கும், மோட்டார் தண்ணீர் எடுக்காது. நிப்பிள் திறந்திருக்கும்போது அதன் மரை வழியே நடப்பதும் அதே. பம்ப் இழுக்கிற இழுப்பில் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வந்துகொண்டே இருக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் நிற்காது.

கிட்டப் போய் டியூபைப் பாருங்க, வித்தியாசம் தெரியும். மரை வழியே வரும் குமிழிகள் கடுகு அளவில், ஒரே சீராக, சங்கிலி கோர்த்த மாதிரி விடாமல் வரும். லைனுக்குள் இருந்து வருவது சீராக இருக்காது. டியூபின் அகலத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய குமிழி வரும், பிறகு கொஞ்ச தூரம் தெளிந்த ஆயில், பிறகு ரெண்டு மூணு சின்னது, மறுபடி தெளிவு. பெடல் மிதித்து எடுக்கும்போது மிதிக்கிற நேரத்தில் வந்தால் உள்ளிருந்து வருகிறது. கால் மேலே வரும் நேரத்தில் நிப்பிள் ஓரத்தில் தோன்றினால் மரை வழியே நுழைகிறது. சந்தேகம் தீர, நிப்பிளை முழுக்கக் கழற்றி, மரைக்கு மட்டும் டெஃப்லான் டேப் ரெண்டு சுற்று சுற்றி மாட்டுங்க. கூம்பு முனையிலோ பக்கத்துத் துளையிலோ டேப் படவே கூடாது. துண்டு பிய்ந்து உள்ளே போகும், பூட்டினாலும் கசியும். கழற்றிய நேரத்தில் ஆயில் வழியும், விரலால் அடைத்துக்கொண்டு சீக்கிரம் மாட்ட வேண்டும். பிரேக்குக்கு ஏற்ற சிலிகான் கிரீஸை மரையின் வெளிப்பக்கம் தடவினாலும் இதே பலன். பெடல் ஏற்கெனவே கெட்டியாகிவிட்டது, குமிழி மட்டும் நிற்கவில்லை என்றால் பெடலை நம்புங்க.

மாட்டிக்கொண்டு நிற்கிற காற்றுக்கு வருவோம். காற்று மேலேதான் போகும், அதனால் லைனில் மேடான இடம் எதுவோ அங்கே நிற்கும். முன் கேலிபர் மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, நிப்பிள் கேலிபரின் உச்சியில் இருக்கிறதா என்பது. இடது கேலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் பல வண்டிகளில் போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். அதற்கு மேலே தேங்கிய காற்றை எத்தனை டின் ஊற்றினாலும் வெளியேற்ற முடியாது. கேலிபரை மாற்றி மாட்டுவது ஒன்றே வழி.

அடுத்த இடம் மாஸ்டர் சிலிண்டர். ரிசர்வாயர் ஒரு தடவை காலியாகியிருந்தாலோ, மாஸ்டரைக் கழற்றி சீல் கிட் மாற்றியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம், காற்று அங்கேதான். பல வண்டிகளில் மாஸ்டரின் மூக்குப்பக்கம் கொஞ்சம் தூக்கி இருக்கும், காற்று அந்த மூக்கில் போய் ஒடுங்கும். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மூக்கு மட்டமாகவோ கீழாகவோ வரும்படி செய்யுங்க. முன் சக்கரத்துக்குக் கட்டை அவசியம். பிறகு பெடலைக் கையாலேயே ஒரு செ.மீ., ரெண்டு செ.மீ. அளவு மட்டும் அமுக்கி அமுக்கி விடுங்க. ரிசர்வாயர் அடியிலிருந்து குமிழி ஒவ்வொன்றாக மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். அது நிற்கும் வரை செய்யலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் மாஸ்டரிலிருந்து புறப்படும் பைப் நட்டைச் சுற்றித் துணி வைத்து, ஒருவர் மெதுவாக மிதிக்க, நட்டைக் கால் சுற்று இளக்கி, ஆயில் வந்ததும் இறுக்கி, பிறகு காலை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர் போடுங்க, சாதா ஓபன் ஸ்பேனர் மூலையை உருட்டிவிடும். மாஸ்டரைப் புதுசாக மாட்டுகிறவர்கள் வைஸில் மட்டமாகப் பிடித்து, ரெண்டு வாயிலிருந்தும் டியூபை ரிசர்வாயருக்கே திருப்பி விட்டு, பிஸ்டனைத் தள்ளித் தள்ளிக் குமிழி நின்ற பிறகு வண்டியில் மாட்டினால் இந்தப் பாடே இல்லை.

லோடு ஏற்றும் வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு லோடு வால்வு இருக்கும், அச்சிலிருந்து ஒரு கம்பி அதை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டியின் பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் 'லோடு இல்லை' என்று அது பின்லைனுக்குப் போகும் ஆயிலைக் குறைத்துவிடும். பின் சக்கரத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று குழம்புவார்கள். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரம் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற நிலையில் ஏர் எடுக்க வேண்டும். சிலவற்றில் அந்த வால்விலேயே தனி நிப்பிள் இருக்கும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் சாதா முறையே போதும். காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், ஸ்கேன் டூல் போட்டு அதன் பம்பையும் வால்வுகளையும் ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். அந்தக் கட்டத்தில் வண்டியை ஓட்டிப் போகாமல் டோ பண்ணிப் பட்டறைக்கு அனுப்புவதுதான் நல்லது.

பெடலை ஒரு குச்சியால் அமுக்கி, சீட்டோடு முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. காலையில் பெடல் கெட்டியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். பெடல் அமுங்கியிருக்கும்போது மாஸ்டரிலிருந்து ரிசர்வாயருக்குப் போகும் துளை மூடியிருக்கும், காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. அழுத்தத்தில் குமிழிகள் சுருங்கி, ஒட்டிய இடத்தை விட்டு நகரும், அவ்வளவுதான். எனவே காலையில் குச்சியை எடுத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று ஏர் எடுத்தால் பயன் உண்டு, எடுக்காமல் ரோட்டில் இறங்குவது தப்பு. பெடல் அமுங்கியிருந்தால் ராத்திரி முழுக்க பிரேக் லைட்டும் எரியும். அதன் ஃபியூஸைக் கழற்றி வைங்க.

ஏர் எடுத்த அன்று நன்றாக இருந்து, ரெண்டு நாளில் மறுபடி பஞ்சாகிவிட்டால் காற்று புதுசாக ஏறுகிறது. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் தூசி மூடியை ஸ்குரூடிரைவரால் லேசாக விலக்கிப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தால் கப் சீல் போய்விட்டது. மிதிக்கும்போது கசியும், விடும்போது காற்றை இழுக்கும். முன் கேலிபரில் ஓஸ் சேரும் பேன்ஜோ போல்ட்டில் ரெண்டு வாஷர் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் புதுசு போட வேண்டும். பைப் முனையைப் புதுசாக விரித்து ஃபிளேர் பண்ணியிருந்தால் அதையும் துடைத்துக் காயவைத்து, மிதிக்கச் சொல்லிப் பாருங்க. விரல் படாமல் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும்.

எந்தச் சக்கரம் என்றே பிடிபடாவிட்டால், ஓஸ் கிளாம்ப் வைத்துப் பிரிக்கலாம். வழவழப்பான வாய் உள்ள கிளாம்பால் ரப்பர் ஓஸ்களை எல்லாம் நெரித்து பெடலை மிதிங்க. அப்போதும் பஞ்சாக இருந்தால் கோளாறு மாஸ்டரிலோ இரும்புப் பைப்பிலோ. கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு கிளாம்பாக எடுத்துக்கொண்டே வாங்க, எதை எடுத்ததும் பெடல் தொய்கிறதோ அந்தச் சக்கரம். கட்டிங் பிளேயரால் நெரிக்காதீங்க, ஓஸின் உள்சுவர் உடைந்துவிடும். வெடிப்பு விட்ட ஓஸில் கிளாம்பே போடாமல் நேராக மாற்றிவிடலாம். பழைய ஓஸை ரெண்டு விரலில் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்க. விரலுக்குள் அது உப்புவது தெரிந்தால் பஞ்சு பெடலுக்குக் காரணம் கையிலேயே இருக்கிறது.

ஆயில் எந்த வகை என்பது ரிசர்வாயர் மூடியிலேயே பொறித்திருக்கும், டாட் 3 அல்லது டாட் 4. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230-ம் 155-ம். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70, திம்பத்தில் 27. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வண்டியைப் பிடித்து வந்தால் ஈரம் ஏறிய ஆயில் கேலிபருக்குள் கொதித்து ஆவியாகும், பெடல் பொத்தென்று கீழே போகும். அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் ஆவி குளிர்ந்து ஆயிலாகி, பெடல் பழையபடி வந்துவிடும். அதற்கு ஏர் எடுத்தால் மட்டும் போதாது, ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. போன வருடம் உடைத்த டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீங்க, அதுவும் ஈரம் குடித்திருக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஒரு மூடி தவறி விழுந்தாலும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். அப்படி ஆனால் மாஸ்டரிலிருந்து ஓஸ் வரை ரப்பர் உள்ள அத்தனையும் மாற்ற வேண்டியதுதான்.

முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி பெடலைப் பிடிங்க. ஸ்டார்ட் ஆகும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது பூஸ்டரின் வேலை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் பலமாகப் பிடித்தும் அதற்கு மேல் இறங்கக் கூடாது. களத்திலோ காலி மனையிலோ நடக்கிற வேகத்தில் நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்க வேண்டும். எழுதி வைத்த ரெண்டு அளவையும் மறுபடி எடுத்துப் பாருங்க. வடித்த பழைய ஆயிலை தென்னை மூட்டிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் பாட்டிலில் மூடி, பழைய இன்ஜின் ஆயில் எடுக்கிற பட்டறையில் கேட்டுக் கொடுங்க, அவர்கள் கேனில் நீங்களாகக் கலக்க வேண்டாம். ராத்திரி நாலு சக்கரத்தடியிலும் பழைய பேப்பர் விரித்து வைங்க. காலையில் பேப்பர் காய்ந்திருந்து, முதல் மிதியிலேயே நேற்றைய அளவில் பெடல் நின்றால், நிப்பிள்களின் ரப்பர் தொப்பியை மாட்டிவிடலாம்.